கடல் என்றொரு பயனர்

காசிமேட்டு ஏலக் கணக்குக்கு நான் எழுதிய செயலி
தரவுத்தளத்துக்குள் நுழைய ஒரு பெயர் கேட்டது.
'கடல்' என்று வைத்தேன்.
அந்த இடத்தில் வேறென்ன தோன்றும்?

ஐஸ் கம்பெனிக்கு எழுதிய டில்லிபாபுவுக்கும்
அதுவேதான் தோன்றியிருக்கிறது.

இரண்டு தளமும் ஒரே கிளஸ்டரில்.
வாடகை மிச்சம் என்று முதலாளி போட்ட கணக்கு.
என் வஞ்சிரம் அவன் கண்ணில் படாது,
அவன் ஐஸ் பார் என் கண்ணில் படாது,
அறைகள் வேறு வேறு.
வாசலில் காவலாளி மட்டும் ஒருவன்.
அவனுக்குக் கடல் என்றால்
ஒரே ஆள், ஒரே கடவுச்சொல்.

வெள்ளி இரவு டில்லி தன் நிறுவல் நிரலை ஓட்டினான்.
"கடல் ஏற்கெனவே உண்டு" என்றது அது.
போன தடவை ஓட்டியதன் மிச்சம் என்று நினைத்து
கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு
பழைய வண்ணாரப்பேட்டையில் படுத்துத் தூங்கினான்.

எனக்குத் தெரியவில்லை.
ஏற்கெனவே உள்ளே போன இணைப்புகளை
வெளியே போ என்று யாரும் சொல்வதில்லை.
ஏலம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போய் வந்தது.
துறைமுக அறையில் பெட்டி செத்துப் பிழைத்து
முதலிலிருந்து கதவைத் தட்டியது.
*கடவுச்சொல் தவறு. பயனர்: கடல்.*

"இன்னா ஜெனோவா, கூடை எறங்கிடுச்சு, பில்லு வர்ல.
சங்கரா வாடுது" என்றாள் ஏகவல்லி.

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றிருக்க
மொட்டை மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து
கடவுச்சொல்லை மாற்றினேன். பில் வந்தது.

மூன்று இருபதுக்கு ஐஸ் டோக்கன் நின்றுவிட்டது,
எனக்கெப்படித் தெரியும்?
மூன்றரைக்கு என் ஏலம் நின்றது.
மாற்றினேன்.
மறுபடி நின்றது.
மாற்றினேன், பன்னிரண்டு எழுத்தில்.
அவன் இருபதில்.

யாரோ நுழைந்திருக்கிறான்.
எங்கோ தூர தேசத்தில், ஒரு நீல வெளிச்ச அறையில்,
நான் பூட்டப் பூட்டத் திறந்துகொண்டு
சிரித்துக்கொண்டிருக்கிறான்.
வயிற்றில் புளி கரைந்தது.
பதிவேட்டைத் திறந்து
வந்தவன் எந்தத் தளத்தைக் கேட்டான் என்று பார்த்தேன்.

ஐஸ்.

"டேய். கடல் உன்னுதா?"
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான் கேட்டது.
"ஏன், உன்னுதா?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
அப்புறம் சிரித்தோம்,
அவன் பக்கம் யாரோ எழுந்து திட்டும் வரைக்கும்.

விடிவதற்குள் ஆளுக்கொரு பெயர் வைத்தோம்:
ஏலக்கடல், ஐஸ்கடல்.
பெருமையாகக் கரைக்குப் போனேன்.
பில் வராத நேரத்தில் ஏகவல்லி
தெர்மாகோல் மூடியில் மார்க்கரால் எழுதி
மொத்த ஏலத்தையும் முடித்திருந்தாள்.
*பனைமரத்தொட்டி மேரி 14 கிலோ.*
*ஜீவரத்தினம் நகர் மேரி 9.*
*கண்ணாடி மேரி, பாக்கி.*
மூடியைப் படம் எடுத்துக்கொண்டேன்,
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பழைய கடலை அழிக்கப் பார்த்தேன்.
முடியாது என்றது.
நாற்பத்தொரு அட்டவணை அதன் பெயரில் இருக்கிறதாம்.
ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி எழுத வேண்டும்,
ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்.

அதுவரை
நுழைய மட்டும் தடை போட்டு வைத்திருக்கிறேன்.
சொத்தெல்லாம் அதன் பெயரில்,
சாவி மட்டும் இல்லை.

எந்த ஞாயிறு என்று
டில்லியும் கேட்கவில்லை.